ஆவுடையப்பன் வைத்த நல்ல தண்ணீர்க் குழாய்

ஆவுடையப்பன் கட்டிக்கொடுத்த குளிப்பறை எதிலும் ஆவுடையப்பன் குளித்ததில்லை. அவர் குளித்ததெல்லாம் கண்மாயில், எருமைகள் இறங்கும் துறைக்குச் சற்று மேலே. "நாலு செவுத்துக்குள்ள நின்னா எனக்கு மூச்சு முட்டும்" என்பார். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், புதுக்கோட்டை நகரத்தில் வசதியுள்ள எவருக்காவது வெள்ளைக்காரனைப்போல் வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால், ஆள் விட்டது ஆவுடையப்பனுக்குத்தான்.

காரணம் கொழும்பு. வாலிபத்தில் அங்கே கட்டட வேலைக்குப் போனவர், ஒரு துரை பங்களாவில் குளிப்பறைச் சுவரைப் பூசும்போது, அடுத்தடுத்து இரண்டு குழாய்கள் இருப்பதைக் கண்டார். ஒன்றைத் திருகினால் வெந்நீர், மற்றதைத் திருகினால் பச்சைத் தண்ணீர். காசிக்குப் போய் வந்தவர்கள் கங்கையைப் பற்றிப் பேசுவதுபோல அவர் அந்த இரண்டு குழாய்களைப் பற்றிப் பேசினார். ஊர் திரும்பியவருக்குக் கொத்தனார் என்ற பழைய பெயர் போய்க் 'குளிப்பறைக்காரர்' என்ற பெயர் வந்தது. துரையின் குளிப்பறை மனத்தில் இருந்தது. கட்டச் சொன்னவர்களின் பணப்பை துரையின் பணப்பையாக இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் குறுக்குவழிகளைக் கண்டுபிடித்தார்.

குறுக்குவழி என்றால் சோம்பல் என்று நினைத்துவிடக்கூடாது. நேர்வழியில் போனால் அரைநாளில் முடிகிற வேலைக்கு, குறுக்குவழி தேடி இரண்டு நாள் பாடுபடக்கூடியவர் அவர். இடிக்காமல் சுற்றிப்போக முடியும் என்றால் சுற்றிப்போவார். தோண்டாமல் தொங்கவிட முடியும் என்றால் தொங்கவிடுவார். இருக்கிற வீட்டை நோகடிக்காமல் அதற்குள் ஒரு குளிப்பறையை நுழைத்துவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. வீடு நோகவில்லை. குளித்தவர்கள்தான் கொஞ்சம் நொந்தார்கள்.

கீழ ராஜவீதியில் ஒரு வீட்டில், முகம் கழுவும் பீங்கான் பேசினை வைக்கப் புதிதாகச் சுவரைக் குடையாமல், ஏற்கெனவே இருந்த விளக்கு மாடத்திலேயே உட்காரவைத்தார். மாடம் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அந்த வீட்டில் காலையில் முகம் கழுவுகிறவர்கள் எல்லாரும் கையை உயர்த்திச் சாமி கும்பிடுகிறவர்களைப்போல நின்றார்கள். தாலுகாக் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்து ஓய்வுபெற்ற ஆத்மநாதன் வீட்டில் நடந்தது இன்னும் விசேஷம். பூவாளிபோலத் தண்ணீர் கொட்டும் குழாய் ஒன்றை அவர் சென்னையிலிருந்து வாங்கி வந்திருந்தார். தொட்டியிலிருந்து வந்த இரும்புக் குழாய் குளிப்பறை வாசற்படிவரைதான் எட்டியது. ஆவுடையப்பன் வாசற்படிக்கு மேலேயே பூவாளியை மாட்டிவிட்டார். உள்ளே நின்றால் முதுகு நனையாது. வெளியே நின்றால் மானம் போய்விடும். சிரஸ்தார் கதவை முக்கால்வாசி சாத்தி, இடுக்கில் நின்று, பல வருஷம் பாதிப்பாதியாகக் குளித்தார்.

கேட்டால் ஆவுடையப்பன் மறுக்கமாட்டார். "தப்புத்தாங்க" என்பார். பிறகு மேலே அண்ணாந்து பார்த்து, "ஆனா தண்ணி வருதுல்ல?" என்பார். தண்ணீர் வரத்தான் செய்தது.

இத்தனைக்குப் பிறகும் அவரை ஏன் கூப்பிட்டார்கள் என்பதை ஆண்களைக் கேட்டால் தெரியாது. ஆண்கள் குழாயைப் பார்த்தார்கள். பெண்கள் தாழ்ப்பாளைப் பார்த்தார்கள். விடிவதற்குள் எழுந்து, கிணற்றடியில் கீற்று மறைப்புக்குப் பின்னால், காதை நாலு பக்கமும் வைத்துக்கொண்டு அவசர அவசரமாக நீரூற்றிக்கொண்டவர்களுக்கு, குழாய் மாடத்தில் இருந்தால் என்ன, மோட்டுவளையில் இருந்தால் என்ன? கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டால், அது விழவேண்டும். விழுந்தது அசையாமல் இருக்கவேண்டும். தாழ்ப்பாளில் மட்டும் ஆவுடையப்பன் குறுக்குவழி போனதே இல்லை. பூவரசங்கட்டையில் தானே செதுக்கி, எண்ணெய் போட்டு, வெளியிலிருந்து யானை முட்டினாலும் திறக்காதபடி வைப்பார். சிரஸ்தார் வீட்டு அம்மாள்கூட, "குழாயைப் பத்தி அவரைக் கேளுங்க. கதவைப் பத்தி என்னைக் கேளுங்க" என்றுதான் சொன்னாள்.

இப்படிப்பட்டவர் தம் மகள் செவந்தியைக் கட்டுமாவடியில் கொடுத்தார். மாப்பிள்ளை நாகராசுவின் தகப்பனார் குழந்தைசாமி கருவாட்டு வியாபாரி. கடலோரம், நல்ல வியாபாரம், ஓட்டு வீடு. குறை ஒன்றுதான்: கிணற்றில் உப்புத்தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர் மேற்கேயுள்ள ஊருணியிலிருந்து மாட்டுவண்டியில் வரவேண்டும். வந்த தண்ணீர் அடுப்படிக்கு வெளியே உயரமான மேடையில் இருந்த தொட்டிக்குப் போகும். தொட்டித் தண்ணீர் மாமியார் பிச்சையம்மாளின் கையில். குளிப்பவர்கள் கிணற்றடியில் உப்புத்தண்ணீரில் குளித்துவிட்டு, கடைசியில் தலை அலச ஒரு சொம்பு நல்ல தண்ணீர் வேண்டுமானால், அவளைக் கேட்டு வாங்கவேண்டும்.

முதல் ஆடிக்குச் செவந்தி பிறந்த வீட்டுக்கு வந்தபோது, அவள் தாய் முனியாயி தலை சீவ உட்கார்ந்தாள். சீப்பு பாதியில் நின்றுவிட்டது.

"ஏண்டி, இது தலைமயிரா, தேங்கா நாரா?"

"உப்புத்தண்ணி ஆத்தா. அப்படித்தான் ஆகும்."

"கடைசியில நல்ல தண்ணி ஊத்தமாட்டியா?"

"கேட்டா அத்த குடுப்பாங்க."

"கேக்க வேண்டியதுதானே, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"மறைப்புக்கு அங்கிட்டு ஆளுக கருவாடு நிறுத்துக்கிட்டு நிப்பாங்க. அம்புட்டு ஆம்பளைக்கு நடுவுல, நான் நனைஞ்ச சேலையோட, 'அத்தே தண்ணி'ன்னு சத்தம் போடணுமாக்கும்? உப்போட எந்திரிச்சு வந்துருவேன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். முற்றத்தில் சுண்ணாம்புச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் கதவு வைத்துக்கொடுத்த மனிதர், தம் பெண்ணைக் கீற்று மறைப்புக்குப் பின்னால் நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

தெய்வமாகப் பார்த்து அனுப்பியதுபோல, அடுத்த தையில் குழந்தைசாமி சொல்லியனுப்பினார். கடல்காற்றில் மறைப்பு மூன்றாம் தடவையாகப் பறந்துவிட்டதாம். அடுப்படிச் சுவரை ஒட்டியிருந்த பழைய உப்பறையை, அதாவது கருவாட்டுக்கு உப்புக் கொட்டிவைத்த அறையை, குளிப்பறையாக மாற்றித் தரமுடியுமா என்று கேட்டிருந்தார். ஆவுடையப்பன் பையைத் தூக்கித் தோளில் போட்டார். புறப்படும்போது, பொங்கலுக்கு வந்திருந்த செவந்தி கூடவே கிளம்பினாள். வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நல்ல தண்ணிக் குழாய் ஒண்ணு வெச்சுக் குடுங்கப்பா. திருகு மட்டும் உள்ள இருக்கட்டும்."

"அது ஒரு பெரிய வேலையா?" என்றார் அவர்.

உப்பறையைப் பார்த்ததும் அவருக்குக் கொழும்பு ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு குழாய்! வெந்நீருக்கும் பச்சைத் தண்ணீருக்கும் பதிலாக, உப்புத்தண்ணீருக்கு ஒன்று, நல்ல தண்ணீருக்கு ஒன்று. துரைக்குக்கூட இப்படி ஒரு யோசனை வந்திருக்காது என்று சம்பந்தியிடம் சொன்னார். துரைக்கு அது தேவைப்பட்டிருக்காது என்பது வேறு விஷயம். குழந்தைசாமிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பிச்சையம்மாளுக்கும் பிடித்தது, ஒரே ஒரு திருத்தத்தோடு.

"அண்ணே, குழாய் வாய் அங்கிட்டு இருக்கட்டும். நல்ல தண்ணித் திருகு இங்கிட்டு, அடுப்படியில, என் கைக்கு எட்டுறாப்புல இருக்கணும்."

ஆவுடையப்பன் கையிலிருந்த பூச்சுக் கரணையைக் கீழே வைத்தார். "திருகும் வாயும் ஒரு பக்கமா இருக்குறதுதானே தங்கச்சி வழக்கம்?"

"எந்த ஊரு வழக்கம்? வாசப்படிக்கு மேல குழாய் வெச்சவருக்கு வழக்கம் என்ன வழக்கம்? எங்களுக்கும் சேதி வரும்ணே."

அவர் கரணையை மறுபடி எடுத்துத் துடைத்தார்.

"மழைக்காலத்துல வண்டி வராம நாலு நாள் கெடந்திருக்கோம்" என்று அவள் தொடர்ந்தாள். "கொழந்தைக்குக் கஞ்சி வெக்கக்கூடத் தண்ணி இல்ல. தொறந்து விட்டுட்டு ஒருத்தி பாட்டுப் பாடிக்கிட்டுக் குளிச்சா, அந்த வீடு என்னத்துக்கு ஆகும்? அதுவும் போக, ஒதுங்கியிருக்கிற நாள்ல அவ திருகைத் தொட்டா தொட்டி பூராவும் தீட்டாயிரும்ல?"

பெண்ணைக் கொடுத்த இடத்தில் கூலியும் வாங்கக்கூடாது, குரலும் உயர்த்தக்கூடாது. ஆவுடையப்பன் கூலி வாங்காமல் வேலை செய்தார்; குரல் உயர்த்தாமல் ஒப்புக்கொண்டார்.

அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். நாடெங்கும் இரும்பு யுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கட்டுமாவடிக்கு மிஞ்சியது துருப்பிடித்த குழாய்த் துண்டுகள் சில. உப்பறைச் சுவரோ உப்பில் ஊறி, தொட்டால் உதிர்ந்தது. ஒரு துவாரத்துக்கு மேல் தாங்காது. அதனால் உப்புத்தண்ணீர்க் குழாயைக் கிணற்றடிப் பீப்பாய் ஒன்றிலிருந்து கதவு நிலையோரமாக உள்ளே விட்டார். தொட்டியிலிருந்து ஒரு குழாய் இறங்கி, அடுப்படிக்குள் தலைகாட்டி, அங்கே திருகு மாட்டிக்கொண்டு, சுவரைத் துளைத்துக் குளிப்பறைக்குள் போனது. அடுப்படிக்கென்று தனியாக ஒரு வாய் பிரிக்கவேண்டுமானால், 'டீ' என்று குழாய்க்காரர்கள் சொல்லும் மூன்றுவாய்த் துண்டு வேண்டும். அது கிடைக்கவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். தொட்டியில் முன்பு காக்கைகள் மீன்தலையைக் கொண்டுவந்து போடும். அதற்காகக் கடப்பைக்கல் மூடி போட்டு, சுற்றிலும் சிமிட்டி பூசி, வண்டிக்காரன் மேலேறி ஊற்ற ஒரு சின்ன வாய் மட்டும் விட்டார். அந்த மூடியை அவரே இரண்டு தடவை போய்த் தட்டிப்பார்த்து ரசித்தார். கதவுக்குத் தாழ்ப்பாளும் வைத்தார். அதைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

வேலை முடிந்ததும் செவந்தி உள்ளே வந்து பார்த்தாள். உப்புத்தண்ணீர்க் குழாய்க்குத் திருகு இருந்தது. நல்ல தண்ணீர்க் குழாய், சுவரிலிருந்து மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஒருமுறை தடவினாள்.

"இதுல தண்ணி எப்படிப்பா வரும்?"

"கூப்புட்டா வரும்மா."

"முன்னாடியும் அப்படித்தானேப்பா வந்துச்சு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஆவுடையப்பன் ஊருக்குத் திரும்பி, சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று முனியாயியிடம் ஒருவாரம் சண்டை போட்டார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அவசரத்தில் அவர் கவனிக்காத ஒன்று இருந்தது. அடுப்படியில் திருகு உண்டு, வாய் கிடையாது. தொட்டிக்கு மூடி உண்டு, மொண்டு எடுக்க வழி கிடையாது. ஆகவே உலை வைக்கவும் அரிசி களையவும் குடிக்கவும் அந்த வீட்டுக்கு வேண்டிய நல்ல தண்ணீர் முழுவதும், குளிப்பறைக்குள்தான் விழுந்தாகவேண்டும். திருகிலிருந்து வாய்க்குச் சுவர் ஒரு முழம். கால்நடையாக என்றால் அடுப்படியை விட்டு, கூடத்தைக் கடந்து, புழக்கடை வழியாக வீட்டை ஒரு பிரதட்சணம் வரவேண்டும். அவருடைய குளிப்பறைகளிலேயே மிக மோசமானது இதுதான் என்று எந்தக் கொத்தனாரும் சத்தியம் செய்வான்.

பங்குனியில் ஒருநாள், கருவாட்டு வண்டியோடு சந்தைக்கு வந்த சம்பந்தி வீட்டு ஆள் ராக்கன் அவர் வீட்டு வாசலில் நின்றான்.

"ஒங்க சம்மந்தியம்மா ஒடனே வரச் சொன்னாங்க. குளிப்பறை விசயமாம். ரொம்பக் கோவமா இருக்காங்க."

முனியாயி வாசலுக்கே வந்துவிட்டாள். "என்னத்த வெச்சுத் தொலைச்சீங்க? ஊரான் வீட்டுலதான் கோணலா வெப்பீங்க. பெத்த பிள்ளை வீட்டுலயுமா? நாளைக்கு 'ஒங்க அப்பன் வெச்ச குழாயோட நீயும் போ'ன்னு அவளை அனுப்பிவிட்டா என்ன செய்வீங்க?"

"சும்மா இரு" என்றார். அந்தப் பயம் அவருக்கும் இருந்தது.

எதற்கும் சரிசெய்துவிடுவது என்று தீர்மானித்தார். சிரஸ்தார் ஆத்மநாதனுக்கு அந்த மாதம்தான் பொறுமை தீர்ந்து, வாசற்படிப் பூவாளியைப் பிடுங்கியெறியச் சொல்லியிருந்தார். பிடுங்கியபோது குழாயோடு ஒரு டீத்துண்டும் வந்தது. பழசு, ஆனால் நல்ல வார்ப்பு. "எடுத்துட்டுப் போய்யா. என் கண்ணுல படாம இருந்தாச் சரி" என்று சிரஸ்தார் கொடுத்துவிட்டார். ஆவுடையப்பன் அதைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறினார். அறந்தாங்கி போய்ச் சேருவதற்குள் பஸ் இரண்டு இடத்தில் நின்றது. அவர் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தார்.

மறுநாள் காலையில் கட்டுமாவடி வீட்டுக்குப் புழக்கடை வழியாகப் போனார். தலைவாசலில் நுழையத் தைரியம் இல்லை. குளிப்பறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆடி மாதத்து அருவிபோலத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சீயக்காய் வாசனை கமகமவென்று வந்தது.

அடுப்படியிலிருந்து பிச்சையம்மாளின் குரல்: "செவந்தி! தொறந்துட்டேன். வருதா?"

"வருது அத்தே." அருவிச் சத்தத்துக்கு நடுவிலிருந்து மகளின் குரல். "நூலாட்டம் வருது."

"குடம் நெறஞ்சிருச்சா?"

"பாதி ஆகல அத்தே."

"இந்நேரத்துக்கு ரெண்டு குடம் நெறஞ்சிருக்கணுமேடி!"

"காத்து அடைச்சிருக்கும் போல. எங்க அப்பா வெச்ச குழாய்தானே அத்தே!"

ஆவுடையப்பன் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். தம் வேலையை ஒருத்தி இவ்வளவு கேவலமாகப் பேசி, அதைக் கேட்டு அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டது முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் தாழ்ப்பாள் விலகியது. செவந்தி இடுப்பில் நிறைகுடத்தோடு வந்தாள். தலையில் சுற்றியிருந்த துணியிலிருந்து ஒரு கற்றை முடி நழுவி, கன்னத்தில் கறுப்பாக, மினுமினுவென்று ஒட்டிக்கிடந்தது. தகப்பனைக் கண்டதும் திடுக்கிட்டாள்.

"எப்ப வந்தீங்கப்பா? ... ஒங்க வேலையைக் கொறை சொல்லிப்புட்டேன்."

"சொல்லு" என்றார். "நல்லாச் சொல்லு."

"அத்தைக்குச் சந்தேகம் வந்துருச்சு. அடுப்படியில தனியா ஒரு வாய் வெக்கச் சொல்லப்போறாங்க. வெச்சுட்டா..." குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "பழையபடி கூப்புடணும்."

அவருக்கு அப்போதுதான் பையின் கனம் தெரிந்தது.

உள்ளே பிச்சையம்மாள் அவரை மணையில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, மோர் தொண்டையில் இறங்குவதற்குள் ஆரம்பித்தாள். "அண்ணே, இது என்ன வேலை? நான் இங்கிட்டுத் திருகைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன், தண்ணி அங்கிட்டு விழுது. வருதா, வரலையா, எம்புட்டு வருது, ஒண்ணும் தெரியல. முன்னால குருடன் கயிறு திரிக்க, பின்னால கன்னுக்குட்டி தின்ன கதையா இருக்கு! ஒலை வெக்கணும்னா மருமகளைக் கெஞ்சணும். எனக்குன்னு இங்க ஒரு வாய் வெச்சுக் குடுத்துட்டுப் போங்க."

"சரிதானே சம்மந்தி?" என்றார் குழந்தைசாமி, வாசல் வேலையை விட்டு வந்து. "நியாயமான வேலைதானே? முடியும்ல?"

ஆவுடையப்பன் வாழ்நாளில், ஒரு வேலையைச் சரியான முறையில் செய்யுங்கள் என்று யாரும் அவரை இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. கேட்டபோதெல்லாம் கையில் சாமான் இருந்ததில்லை. இன்று சாமான் இருந்தது. மடியருகே, துணிக்குள், மூன்று வாயையும் திறந்துகொண்டு இருந்தது. அரைமணி நேர வேலை. மாட்டிவிட்டால், குறுக்குவழிக்காரன் என்ற பேச்சு கட்டுமாவடியிலாவது நின்றுபோகும். சம்பந்தி வீட்டில் தலைநிமிர்ந்து சாப்பிடலாம்.

கதவுக்கு அந்தப் பக்கம் செவந்தி குடத்துத் தண்ணீரைப் பானையில் ஊற்றும் சத்தம் கேட்டது.

முழங்காலைப் பையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். "அதுக்கு டீன்னு ஒரு துண்டு வேணும் சம்மந்தி. இப்பக் கெடைக்காது. இரும்பெல்லாம் சண்டைக்குப் போயிருச்சு."

செய்த தப்பை ஒருநாளும் மறைக்காத மனிதர், செய்யக்கூடிய சரியான வேலையை அன்று மறைத்தார். பிற்காலத்தில் அவருடைய குளிப்பறைகளைப் பற்றி யார் யாரோ கேலியாகப் பேசியிருக்கிறார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார். கட்டுமாவடி வேலையைப் பற்றி மட்டும் வாயைத் திறந்ததில்லை. ஒரு கலைஞன் தன் கை தெரிந்தும் கோணலாக விட்டுவைப்பதற்கு எவ்வளவு பெரிய மனது வேண்டும் என்பது, நேராகச் செய்யத் தெரிந்த நம்மில் பலருக்குப் புரியாது.

பிச்சையம்மாள் விடுகிறவளா? "அப்பத் தொட்டி மூடியை ஒடைங்க. நான் மொண்டுக்கிறேன்."

இதைக் கேட்டு ஆவுடையப்பனின் முகம் வெளுத்தது. ஆனால் குழந்தைசாமி முந்திக்கொண்டார். "காக்கா போட்ட மீன்தலையோட ரசம் வெச்சியே, மறந்துட்டியா? மூடி இருக்கட்டும்."

அவள் கொஞ்சநேரம் திருகையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் வாயைத் திறக்கவில்லை. சில வழிகள் காட்டினால் அடைத்துக்கொள்ளும். காட்டாமல் இருந்தால் தாமே திறக்கும்.

"அப்படின்னா ஒண்ணு செய்யுங்க" என்றாள் கடைசியில். "இந்தத் திருகைப் புடுங்கி அந்தப் பக்கமே வெச்சுருங்க. தண்ணி விழுற எடத்துல நின்னு, என் கண்ணால பாத்து, நானே புடிச்சுக்கிறேன். எவளையும் கேக்கவேண்டியதில்ல."

"அது... செய்யலாம்" என்றார், ரொம்ப யோசிக்கிறவர்போல.

"ஆனா தீட்டு? ஒதுங்குற நாள்ல அவ அதைத் தொட்டா?"

"கீழ விழுற தண்ணி மேல ஏறுமா தங்கச்சி? தீட்டும் தண்ணியோடதானே எறங்கிப் போகும். எதுத்து ஏறிவர்றதுக்கு அது என்ன மீனா?"

"எங்க ஊர்ல மடவை எதுத்து ஏறும்ணே!"

குழந்தைசாமி வெடித்துச் சிரித்தார். பிச்சையம்மாளுக்கும் உதடு துடித்தது, அடக்கிக்கொண்டாள். "சிரிக்காதீங்க. தொட்டிக்கு ஆகாது, ஆமா."

"பித்தளைக்குத்தானே தீட்டு ஒட்டும்?" என்றார் ஆவுடையப்பன். "திருகுக்குக் கட்டையில பிடி போட்டுர்றேன். கட்டையைத்தானே தொடுறா? பித்தளையைத் தொடலையே."

பிச்சையம்மாள் யோசித்தாள். சாஸ்திரம் என்ன சொல்லுமோ தெரியாது. உலை கொதிக்கவேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. "கட்டைன்னா சரி" என்றாள். "கட்டைக்குத் தீட்டு இல்ல."

உச்சிப்பொழுதுக்குள் திருகு இடம் மாறியது. பூவரசங்கட்டைப் பிடியைச் செவந்திதான் பிடித்துக்கொண்டாள், அவர் செதுக்க. அவர் செதுக்குவதற்குத் தோதாகக் கட்டையைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தாள். மாட்டி முடித்ததும், முதலில் தானே பார்க்கவேண்டும் என்று பிச்சையம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது.

மூவரும் புழக்கடையில் நின்றார்கள். தண்ணீர் குடத்துக்குள் விழும் சத்தம் கேட்டது; முதலில் கணீரென்று, பிறகு அடங்கி, பிறகு விளிம்பில் தளும்பி. குடம் நிறைந்துவிட்டது. கதவு திறக்கவில்லை.

சத்தம் நின்றது. மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை அது குடத்துக்குள் விழும் சத்தமாக இல்லை.

குழந்தைசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ நல்ல தண்ணியில தலை நனைச்சு நான் பாத்ததே இல்ல சம்மந்தி" என்றார் மெதுவாக. "கல்யாணமாகி வந்த நாள்லேருந்து உப்புத்தண்ணிதான். மருமகளுக்காவது ஒரு சொம்பு குடுத்தா. தனக்கு அதுவும் எடுத்துக்கிட்டது கெடையாது."

இவ்வளவு நாளும் தொட்டியைக் காத்தவள்மீது தாம் கொண்டிருந்த கோபம் எங்கே போயிற்று என்று ஆவுடையப்பனுக்கே தெரியவில்லை.

செவந்தி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு கிண்ணத்தில் கரைத்த சீயக்காய் இருந்தது. குளிப்பறைக் கதவருகே போய் நின்று, மெல்லத் தட்டினாள்.

"அத்தே, சீயக்கா வேணுமா?"

உள்ளே தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு தாழ்ப்பாள் விலகி, கதவு ஒரு சாண் திறந்தது. முழங்கைவரை நனைந்த கை ஒன்று வெளியே நீண்டது.